கலப்பத்து அடித்த கதவு

கஸ்பார் மொராயிஸ் தெருமுனையில் தலை காட்டினாலே நான் கடை ரேடியோவை அணைத்துவிடுவேன். அவர் பேச ஆரம்பித்தால் ரேடியோ எதற்கு? சங்கு குளித்த காலத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று ஒரு நினைப்பு. அங்கிருந்தே, "அண்ணாச்சி, ஃபேன் பெல்ட் இருக்கா?" என்று கத்துவார். எனக்கு முன்னால் பக்கத்து டீக்கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார்.

நான் தூத்துக்குடியில் பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவன். பெயர் மந்திரமூர்த்தி. கடல்தான் எனக்குப் பங்குதாரர். வேறு ஊரில் ஆயுசுக்கும் கிடக்கிற தகரத்தை இந்த உப்புக்காற்று சீக்கிரமே அப்பளமாக்கிவிடும். அதிலும் மீன் ஏற்றுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கஸ்பாரின் பிக்கப் வண்டி அப்படிப்பட்டது. ஆற்றில் போட்டாலும் ஆள் எடுக்க மாட்டான் என்று நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கேலியை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கஸ்பார் வாலிபத்தில் பேர் எடுத்த சங்கு குளியாளி. மற்றவர்கள் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அவர் இன்னும் அடியில் கிடப்பார் என்பார்கள். குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் பழைய வழக்கம். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா? இப்போது கயிற்றோடு காற்றுக்குழாயும் சேர்ந்துவிட்டது. மச்சான் மட்டும் மாறவில்லை. கஸ்பாருக்கு வள்ளத்தில் குழாய் பிடித்தவர் தொம்மை. அவருடைய தங்கை விஜிலாதான் கஸ்பாரின் மனைவி.

காது போன பிறகு கஸ்பார் கடலை விட்டு, இந்தப் பிக்கப்பை வாங்கினார். தொம்மை துறைமுகத்தில் இழுவைப் படகு வேலைக்குப் போய்விட்டார். விஜிலாவுக்குக் கருவாட்டு வியாபாரம். ஒரு வாரம் விளாத்திகுளம் சந்தை, ஒரு வாரம் கயத்தாறு, ஒரு வாரம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்று புருஷனும் பெண்சாதியும் சுற்றுவார்கள். வண்டியை ஓட்டுவது அவர். அவரை ஓட்டுவது அந்த அம்மா. ஊரில் எவ்வளவு கத்தினாலும் விஜிலாவிடம் மட்டும் கஸ்பார் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

அந்த வண்டியின் இடது கதவில்தான் வினையே. சுற்றிலும் இருந்த ரப்பர் பீடிங் உப்பில் பொரிந்து உதிர்ந்துவிட்டது. மழை வந்தால் விஜிலாவின் மடியில்தான் தண்ணீர் ஒழுகும். "ரப்பரை மாத்தும் வே" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "பாப்போம் அண்ணாச்சி, தடைக்காலம் வரட்டும்" என்பார். மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டிக்கு ஓட்டம் குறையும் என்று இங்கே எல்லோரும் ரிப்பேரை அதற்குத் தள்ளிப்போடுவார்கள். அந்த வருஷத் தடைக்காலமும் வந்தது, போனது. பீடிங் வாங்க ஆளைக் காணோம்.

அப்புறம்தான் தெரிந்தது, மனுஷன் கதவுக்குக் கலப்பத்து அடித்திருக்கிறார் என்று. வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அதுதான் கலப்பத்து. கடலையே உள்ளே விடாத வேலை, மழையை விடுமா? கதவு இடுக்கு, கண்ணாடி இடுக்கு, கதவுக்கு அடியில் தண்ணீர் வடிவதற்காக இருக்கிற ஓட்டைகள் என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. கதவு வண்டியோடு ஒட்டிப்போனது. அதன்பின் விஜிலா டிரைவர் பக்கமாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி நகர்ந்து உட்கார வேண்டியதாயிற்று.

"நான் என்ன மூட்டையா, ஒரு பக்கமாவே ஏத்தி இறக்குததுக்கு?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டதை நான் என் காதால் கேட்டேன். மடி நனையாமல் இருந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

போன மழைக்காலத்தில் அது நடந்தது. ஸ்ரீவைகுண்டம் சந்தையை முடித்துத் திரும்பும்போது ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கடந்துவிடலாம் என்று கஸ்பார் வண்டியை விட்டார். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. வலது பக்கமிருந்து வெள்ளம் மோத, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சீட்டுக்கு ஏறியது. வயலில் மடை பார்க்க வந்த மாடக்கண்ணு என்ற விவசாயி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மண்வெட்டிக் காம்பால் இடது கண்ணாடியை உடைத்து, விஜிலாவை ஜன்னல் வழியாக இழுத்துக் கரை சேர்த்தார். அந்த அம்மாவின் முழங்கையில் கண்ணாடி கிழித்துத் தையல் போட வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தது மாதா புண்ணியம்.

கஸ்பார் ஊரில் சொன்னது இது: "நான் குதிச்சுக் கரைக்கு ஓடி ஆளக் கூப்பிட்டேன். அவ பக்கக் கதவு திறக்கல. எல்லாம் என் கதவு பண்ணின பாவம்."

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து, என் கடைக்கு அடுத்த செல்வதுரையின் டிங்கர் பட்டறையில் நிறுத்தினார்கள். எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைத்தாயிற்று. விஜிலாதான் ஏறவில்லை. கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பித்தார். கருவாட்டைப் பார்த்ததும் கண்டக்டர் முகம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பஸ்ஸில் ஏற்றுவான், இன்னொரு பஸ்ஸில் விசில் ஊதி இறக்கிவிடுவான். தையல் போட்ட கையோடு அந்த அம்மா சண்டை போட்டுப் போட்டுப் போய் வந்தார். வீட்டில் சோறு பொங்கிப் போட்டார், தண்ணீர் மோந்து கொடுத்தார். வண்டிப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

கஸ்பாருக்கு அதுதான் தாங்கவில்லை. "அவ திட்டினா நல்லாருக்கும் அண்ணாச்சி" என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். "திட்டவும் மாட்டேங்கா. அந்த வண்டியில அவ ஏறி உக்காரணும். அதுக்கு என்ன வேணும்னாலும் செய்யுதேன். கதவைப் புதுசு பண்ணிருவோம்."

"இப்பதான் ரப்பர் ஞாபகம் வந்துச்சோ?" என்றேன். சுருக்கென்றுதான் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிற மனுஷன் அப்படிக் குனிந்தது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பது லேசு இல்லை. லாக் என்னிடம் இருந்தது. உள்பக்கக் கைப்பிடி, கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மெஷின், கண்ணாடி ஓடுகிற சேனல் ரப்பர் எல்லாம் மதுரையிலிருந்து வரவழைத்தேன். கதவைச் சுற்றி வருகிற பீடிங்கை மட்டும் நானே நாலைந்து கம்பெனிச் சரக்கைப் பிசைந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நல்ல ரப்பர் விரலால் அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும். மட்டமான சரக்கு போனது போனபடியே கிடக்கும்.

செல்வதுரை கதவைத் திறக்கவே அரைப் பொழுதைச் செலவழித்தான். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் வைத்துத் தட்டினான், மண்ணெண்ணெய் ஊற்றினான், கடைசியில் கெட்ட வார்த்தையும் பேசினான். குங்கிலியம் கல்லாகியிருந்தது. "அண்ணாச்சி, இங்கன பாருங்க. வெள்ளத்துலயே முங்கிக் கெடந்த வண்டி. இந்த இடுக்குல ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. என்னமா அடிச்சிருக்காரு மனுசன்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவன் பாராட்டித்தான் சொன்னான். கஸ்பார் அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். செல்வதுரைக்கு வேலை தெரியும். வாயைக் கட்டத் தெரியாது.

கதவைக் கழற்றிப் போட்டு அழுகின அடித்தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் பற்றவைத்தான். கீலின் பின்கள் தேய்ந்து கதவு தொங்கியிருந்தது. அதை மாற்றித் தூக்கி நிறுத்தினான். வடிகிற ஓட்டைகளைத் திறந்துவிட்டான். பிறகு மெஷின், கண்ணாடி, லாக். பீடிங்கை மட்டும் கஸ்பார் தானே மாட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒட்டு மேலே வந்தால் மழை இறங்கும், கீழே வரும்படி ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். விரல் விரலாக அமுக்கிக்கொண்டே போனார். ஒரு மூலையில் மடிப்பு விழுந்தது. முழுவதையும் உருவிவிட்டு முதலிலிருந்து மாட்டினார். மறுபடி மடிப்பு. மறுபடி உருவினார். வேண்டுதலுக்கு முழங்காலில் நடக்கிறவர்கள் முகத்தை மாதா கோயிலில் பார்த்திருக்கிறேன். அதே முகம்.

பீடிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பேப்பர்த் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுப்பது வழக்கம். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சந்து இருக்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் எங்கேயும் வழுக்கவில்லை. அப்புறம் தண்ணீர்ச் சோதனை. கஸ்பார் உள்ளே, விஜிலாவின் இடத்தில் உட்கார்ந்தார். செல்வதுரை ரப்பர்க் குழாயால் கதவின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினான். மேலே, பக்கவாட்டில், கீழே. ஒழுகவில்லை. குழாயை அடைத்துவிட்டு, "போதும், இறங்குங்க" என்றான்.

கஸ்பார் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்பக்கக் கைப்பிடியை இழுத்தார். கதவு சொன்ன பேச்சைக் கேட்டுத் திறந்தது. மறுபடி சாத்திக்கொண்டார். மறுபடி திறந்தார். "என்ன வே, விளையாடுதீரா?" என்றேன்.

"உள்ள இருந்தா எப்படி இருக்கும்னு பாத்தேன் அண்ணாச்சி" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்ட வண்டிக்குள் புழுங்கத்தான் செய்யும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு எதையும் நினைக்க எனக்கு அப்போது காரணம் இல்லை.

விஜிலாவைக் கூப்பிடும் வேலையை என் தலையில் கட்டினார். "நீங்க சொன்னா வருவா அண்ணாச்சி." மறுநாள் அந்த அம்மா காலிக் கூடையோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும்போது மறித்து, "ஒரு எட்டு வந்து கதவைப் பாத்துட்டுப் போங்க தாயி, பாவம் உம்ம வீட்டுக்காரரு உருகிப்போனாரு" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டறைக்குள் வந்தார்.

கஸ்பார் பழைய குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தெருவே கேட்கும்படி, "இங்க பாரு, இந்தக் கைப்பிடிய இழுத்தா போதும். இந்தா, கண்ணாடி எறங்குது, ஏறுது. சின்னப்புள்ள கூடத் திறந்துரும். ரப்பரத் தொட்டுப் பாரேன்" என்றார்.

விஜிலா கூடையைக் கீழே வைத்தார். ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார். டொப்பென்று ஒரே சத்தத்தில் அடைந்தது. "நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி" என்று செல்வதுரையிடம் சொன்னார்.

"அப்போ ஏறு" என்றார் கஸ்பார்.

"கதவு திறக்கலன்னு நான் எப்பவாவது உங்ககிட்ட குறை சொன்னேனா?" என்று விஜிலா கேட்டார்.

கஸ்பார் விழித்தார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். நல்லாவே கேட்டிருக்கிறது.

"நான் நனையுதேன்னுதான நீங்க கலப்பத்து அடிச்சீங்க. அதுக்குப் போயி நான் கோவப்படுவேனா? அன்னைக்கு நீங்க உங்க கதவத் தள்ளித் திறந்தீங்க. நானும் உங்க பின்னாலேயே நகந்து வந்துட்டேன். எட்டினா உங்க சட்டை. நீங்க குதிச்சதும் கதவ விட்டுட்டீங்க. வெள்ளம் அத அடிச்சு மூடிச்சு. தள்ளுதேன் தள்ளுதேன், அசைய மாட்டேங்குது. கண்ணாடிக் கைப்பிடியச் சுத்துதேன், அதுவும் இறுகிக் கெடக்கு. கண்ணாடிக்கு அந்தால உங்க முதுகு போயிக்கிட்டே இருக்கு. திரும்பவே இல்ல."

செல்வதுரை கையில் இருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் இடது கதவைச் சுற்றிக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேரும், நன்றாக இருந்த வலது கதவை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணன் எத்தன வருசம் உங்க குழாயப் பிடிச்சான்?" விஜிலாவின் குரல் உயரவே இல்லை. "காய்ச்சலோட பிடிச்சிருக்கான். வள்ளத்துல வாந்தி எடுத்துக்கிட்டே பிடிச்சிருக்கான். நீங்க மேல வந்து வள்ளத்தத் தொடுத வரைக்கும் ஒரு நாளாவது விட்டானா? நீங்க ஒரு கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னிருந்தாப் போதும்."

கஸ்பார் புதுக் கதவைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று நான் ஒரு எட்டு முன்னால் போனேன்.

"பயந்துட்டேன் ஏளா" என்றார். "கடல்ல அடி தெரியும். அந்தத் தண்ணி ஒரே கலங்கல். கால் தட்டுப்படல. உன்ன நெனைக்கவே இல்ல. கரையில ஏறி நின்ன பொறவுதான் உன் ஞாபகம் வந்துச்சு. மாதா மேல சத்தியமா, அதுக்குப் பொறவு திரும்பித் தண்ணில இறங்கக் கால் வரல."

சங்கு குளித்த கஸ்பார் மொராயிஸ் பட்டறையில் நின்று அழுதார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவருக்காகவா மதுரையிலிருந்து சாமான் வரவழைத்தோம், இவர் பேச்சை நம்பியா அந்த அம்மாவை மறித்து நியாயம் சொன்னோம் என்று இருந்தது. அப்புறம் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். நான் அந்தத் தண்ணீரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"பயந்தது தப்பில்ல. எல்லாருக்கும் வாரதுதான்" என்றார் விஜிலா. "அத என்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா முடிஞ்சுபோச்சு. கதவு கதவுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, அதுதான் எனக்கு ஆறல."

கஸ்பார் துண்டால் முகத்தைத் துடைத்தார். என்ன செய்யட்டும் என்று அவர் கேட்கவில்லை. கண் கேட்டது.

விஜிலா கூடையை எடுத்து வண்டியின் பின்னால் போட்டார். "கயத்தாறுக்கு நாளைக்குச் சரக்கு ஏத்தணும். பஸ்காரன்கிட்ட இனிமே நான் மல்லுக்கட்ட முடியாது. நான் எப்பவும் போல உங்க பக்கமாவே ஏறுதேன். போன இடத்துல நீங்க முதல்ல இறங்குங்க. நான் தரையில கால் வைக்கிற வரைக்கும் கதவ விடக் கூடாது. அவ்வளவுதான்."

"இந்தக் கதவு?" என்றான் செல்வதுரை. அவன் வேலை பாழாகிறதே என்ற கவலை அவனுக்கு.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி. மழைக்கு ஆகும்" என்றார் விஜிலா.

அன்றைக்கு அவர் டிரைவர் பக்கமாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி நகர்ந்து உட்கார்ந்தார். கஸ்பார் அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் தான் ஏறினார்.

இப்போதும் அப்படித்தான். சந்தையில் வண்டி நின்றதும் அவர் இறங்கி, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். காற்று அடிக்கவில்லை, வெள்ளம் இல்லை, வெறும் தார் ரோடு. ஆனாலும் இரண்டு கை. விஜிலா அவசரப்படுவதே இல்லை. சேலையைச் சரிசெய்து, செருப்பைத் தேடிப் போட்டு, சாவகாசமாக இறங்குவார். கூட்டத்தில் எவனாவது, "என்ன மொராயிஸ், மகாராணி எறங்குதாகளோ?" என்று கேலி பேசுவான். பழைய கஸ்பாராக இருந்தால் அவன் பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பார். இப்போது வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் கடைக்கு வந்தார். தெருமுனையிலிருந்து கத்தவில்லை. நேரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இடது கதவு ரப்பர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மாட்டினபடியே புதுசாக இருக்கிறது என்றார். வலது கதவுக்கும் ஒரு பீடிங் வேண்டும், பிடிக்கிற இடத்தில் பிய்ந்து வருகிறது என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் எழுந்திருக்காமல், அந்த ரப்பரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அண்ணாச்சி" என்றார். நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "அத்தன வருசம் பிடிச்சானே, தொம்மைக்குக் கை வலிச்சிருக்கும்லா? நான் ஒரு நாளும் கேட்டதே இல்ல."